ஈவாஞ்சலின் மேல் வளர்ந்த புல்

தூத்துக்குடியின் வடபுறத்தில், உப்பளங்களுக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு கல்லறைத் தோட்டத்தில் நேசக்குமார் பல ஆண்டுகள் பணிசெய்தார். அந்த மண் உவர்மண். உடைமரத்தையும் உப்புப்பூண்டையும் தவிர வேறெதையும் மனமுவந்து வளர்க்காதது. அதன்மேல் பசும்புல் பரப்பொன்றை விரித்து, கோடையிலும் அது மாளாமல் காத்தவை அவருடைய கைகள். தம் வாழ்நாளில் சொல்லத்தக்க செயல் அது ஒன்றே என்று அவரும் எண்ணியிருந்தார்.

அவர் பிறந்தது சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரியின் ஓரத்துச் சிற்றூரில். தகப்பனார் மிஷன் பள்ளியில் மணியடித்தும் மைதானம் பெருக்கியும் பிழைத்தவர். மகனுக்குப் பத்தாம் வகுப்புக்குமேல் படிப்பு ஏறவில்லை. மீசை அரும்பும் வயதில் துறைமுகத்துக்கு வந்து, கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் கூட்டத்தில் சேர்ந்தார். நாற்பது வயதை எட்டுமுன் நெஞ்சில் கரி படிந்துவிட்டது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கவேண்டும். அப்போதுதான் சபை மூப்பர் ஒருவர் இரங்கி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார்.

"உனக்கு ஏத்த வேலை வே. உள்ள இருக்கவனெல்லாம் படுத்தேதான் இருப்பான். ஒருத்தன் பின்னாலயும் ஓட வேண்டாம்," என்று அவர் சிரித்தபடி சாவியைக் கொடுத்ததை நேசக்குமார் பின்னாளில் பலரிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

தோட்டத்து மதிலை ஒட்டி ஓட்டுவீடு ஒன்று குடியிருக்கக் கிடைத்தது. மனைவி ஜெபசுதா நாசரேத்துக்காரி, தையல் படித்தவள், பேச்சில் கூர்மையும் ஜெபத்தில் ஊக்கமும் உடையவள். வீட்டின் பின்புறம் ஒரு பசுவைக் கட்டி, அக்கம்பக்கத்தில் பால் ஊற்றினாள். ஒரே மகள் ஈவாஞ்சலின்.

ஆதியில் அந்தத் தோட்டம் மண்மேடுகளாலும் சாய்ந்த சிலுவைகளாலும் நிறைந்திருந்தது. வெளிநாட்டில் வாழும் சபைக் குடும்பம் ஒன்று தங்கள் தாயை அடக்கம்பண்ண வந்தபோது அந்தக் கோலத்தைக் கண்டு மனம் நொந்து, மேற்குப் பகுதி முழுவதையும் புல்வெளியாக மாற்றும் பொறுப்பை ஏற்றது. மேடுகள் நிரவப்பட்டன. பெயர்க்கற்கள் தரையோடு தரையாகப் பதிக்கப்பட்டன. அவற்றின்மேல் தடையின்றி ஓடும்படி புல் வெட்டும் மெஷின் ஒன்று வந்தது. வெட்டிய புல் சிதறாமல் பின்னாலிருக்கும் பெட்டிக்குள் விழும். பெட்டி நிறைந்ததும் அதைக் கழற்றிச் சாக்கில் தட்டி, மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோவார் நேசக்குமார். பசு அதைத் தின்னும். அந்தப் புல் அவருக்குரியது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வேண்டாமென்று யாரும் தடுக்கவுமில்லை.

மேடுகள் மறைந்தாலும், மேடுகளோடு வளர்ந்த ஒரு வழக்கம் அந்தச் சபையில் மறையவில்லை. அடக்கம் முடிந்து முதல் மழை பெய்ததும், உரியவர்கள் போய் மண் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பச்சை பிடித்திருந்தால், இறந்தவர் இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்துவிட்டார் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிடிக்கவில்லையென்றால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த மௌனம் போதும். வந்த குருமார் எவரும் இதைப் பிரசங்கித்ததில்லை. எவரும் கண்டித்ததும் இல்லை.

ஈவாஞ்சலினுக்கு இருபது வயதானபோது, ஓர் ஆடி மாதத்து மாலையில், பாடற்குழுப் பயிற்சி முடிந்து வீடு திரும்பவேண்டியவள் திரும்பவில்லை. மறுநாள் விடியலில் கரையோரப் பாறைகளுக்கிடையே அவளை மீன்பிடிக்கப் போனவர்கள் கண்டெடுத்தார்கள். ஒரு செருப்பு பாறைமேல் கிடந்தது. கால் வழுக்கி விழுந்ததாகக் காவல் நிலையத்தில் முடித்தார்கள். ஆனால் அதற்கு முந்தின நாள், ஒரு பையனோடு ஓயாமல் போனில் பேசுகிறாள் என்று ஜெபசுதா அவளை வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தாள். ஏசிய சத்தம் தெருவரை கேட்டிருந்தது. தெரு அதை மறக்கவில்லை.

தானாகப் போனவளுக்குத் தோட்டத்தில் இடம் கொடுக்கலாமா என்று, சபைக் காரியங்களை நடத்தும் சேகரக் கமிட்டியில் சிலர் கேட்டார்கள். சபையின் குருவானவரான சேகரகுரு ஐயர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "விபத்து என்று முடிந்திருக்கிறது. அதற்குமேல் கூட்டிச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை." மேற்கு மதிலை ஒட்டி இடம் கிடைத்தது. அடக்கத்தன்று அந்த இடத்தின் புல்லை மண்ணோடு பாளம் பாளமாகப் பெயர்த்து எடுத்ததும், எல்லாம் முடிந்தபின் அதைத் திரும்பப் பதித்ததும் நேசக்குமாரே. வேறொருவர் கையில் அந்த மண்வெட்டியைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அந்த ஆண்டு ஐப்பசி மழையில், தோட்டத்தின் வேறெந்த இடத்தையும்விட அந்த இடமே முந்திப் பச்சை பிடித்தது. வெறும் பச்சை அன்று. ஈரம் சொட்டும் கரும்பச்சை. ஜெபசுதா அதைக் கண்ட அன்று முழங்காற்படியிட்டு அழுதாள். அடக்கத்துக்குப்பின் அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

"பாத்தியளா? என் பிள்ள தானாப் போகல. தானாப் போயிருந்தா கர்த்தர் இப்படி மூடுவாரா?" என்று கணவரைப் பிடித்து உலுக்கினாள்.

"ஆமா ஏளா," என்றார் நேசக்குமார். அவருக்கும் அதைவிட வேறு சாட்சி இல்லை.

அந்தத் தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஞானதீபம்கூட, பால் வாங்க வந்தபோது, "பச்சை பிடிச்சிருக்காமே ஜெபா, சந்தோஷம்," என்று சொல்லிப் போனாள். ஏசிய சத்தத்தை ஊருக்குச் சொன்னவளும் அவள்தான். ஜெபசுதா அன்று அதை மன்னித்தாள்.

மழை விட்டதும் புல் வெட்டவேண்டி வந்தது. வழக்கம்போலச் சாக்கை மாட்டின்முன் கவிழ்க்கப்போன கணவரை ஜெபசுதா தடுத்தாள்.

"ஏங்க, அந்த இடத்துப் புல்லும் இதுல கிடக்கா?"

"எல்லாம் ஒரே பொட்டிலதான விழுது."

"அப்போ போடாதிய."

"மாடு பட்டினி கிடக்கும் ஏளா."

"கிடக்கட்டும். என் பிள்ள மேல முளைச்சத இதுக்குப் போட்டு, அதுல பால் கறந்து, அந்த டீச்சரம்மா காப்பிக்கு நான் ஊத்தவா? சொல்லுங்க. ஊத்தவா?"

நேசக்குமார் சாக்கைத் திரும்பக் கட்டினார். கட்டிய சாக்கு இரண்டு நாள் கொல்லைப்புறத்தில் கிடந்து சூடேறிப் புளித்த வாடை வீசியது. அந்த இரண்டு நாளும் அவர் வேறெதையும் சிந்திக்கவில்லை.

தோட்டத்தின் மூலையில் காய்ந்த மாலைகளையும் பிளாஸ்டிக் பூக்களையும் எரிக்கும் குழி ஒன்று உண்டு. அதில் போடலாம், ஆனால் அதன் புகை மதிலைத் தாண்டி நேரே தம் வீட்டுக்குள்தான் வரும். அந்தப் புகையை மனைவி எப்படிச் சுவாசிப்பாள்? மாநகராட்சி வண்டியில் மக்கும் குப்பை என்று கொட்டலாம். அழுகிய தக்காளியோடும் மீன் செதிலோடும் அது போவதை நினைக்க அவரால் முடியவில்லை. மண்ணில் புதைக்கலாம், ஆனால் புதைத்த ஒன்றை மறுபடி மறுபடி புதைப்பதா? இறுதியில் ஒரு வழி தோன்றியது. அவளிடத்துப் புல்லை முதலில் தனியாக வெட்டுவது. பெட்டியைக் கழற்றி அதே இடத்தின்மேல் தட்டிவிடுவது. பிறகு மற்ற இடங்களை வெட்டி மாட்டுக்குக் கொண்டுபோவது. அவளுடையது அவளிடமே இருக்கட்டும்.

ஜெபசுதா இதைக் கேட்டுத் தலையசைத்தாள். "அது சரி," என்றாள். "அவளுக்குள்ளத அவகிட்டயே விட்டுருங்க." அவர்கள் இருவரும் ஒரே மனதாக எடுத்த முடிவு, நெடுநாளைக்குப்பின், அது ஒன்றாகவே இருந்தது.

அடுத்த கோடை முழுதும் அதனால் தீங்கு ஏதும் நேரவில்லை. வெயிலில் புல் மெல்ல வளர்ந்தது. வெட்டிய கொஞ்சமும் ஒரே பகலில் உலர்ந்து சருகாகி, மேல்காற்றில் பறந்துபோனது. ஆனால் இரண்டாம் ஆண்டு மழை முந்தி வந்தது. புல் மதமதவென்று ஏறியது. வெட்டிய புல் ஈரத்தோடு பிசைந்த மாவுபோல உருண்டு விழுந்தது. நேசக்குமார் அதைக் கையால் அன்போடு நிரவிவிட்டார். அடுத்த முறையும் அதன்மேலேயே. அதற்கடுத்த முறையும்.

ஒருநாள், பாயாகப் படிந்துவிட்ட அந்த வெட்டுப் புல்லை ஓரத்தில் விலக்கிப் பார்த்தபோது, அடியில் புல் மஞ்சளித்திருந்தது.

அப்போது அவருக்கு உண்டானது தோட்டக்காரனின் ஐயம் அன்று, தகப்பனின் திகில். எந்தப் பச்சையைக் கண்டு மனைவி எழுந்து நடமாடினாளோ, அந்தப் பச்சை போகிறது. காரணத்தைத் தேட அவருக்கு நெஞ்சு துணியவில்லை. காரணம் இன்னதென்று தம் உள்ளத்தின் ஓரத்தில் ஒரு குரல் சொல்லத் தொடங்கியிருந்தது. அந்தக் குரல் தெருவின் குரலாக இருந்தது. அவர் மற்ற இடத்துப் புல்லிலும் ஒரு பெட்டி எடுத்து, மஞ்சளைப் புதுப்பச்சையால் மூடினார். தூரத்திலிருந்து பார்க்கப் பச்சையாகவே இருந்தது. இரண்டு நாளில் அது பழுத்தது. மறுபடி மூடினார். மாட்டுக்குப் போகும் சாக்கு இளைக்க இளைக்க, மதிலோரத்துப் பாய் தடித்தது. ஜெபசுதா ஞாயிறுதோறும் வந்து சற்றுத் தள்ளி நின்று பார்த்து, "எப்படிப் பச்சையா இருக்கு!" என்று சொல்லிப் போனாள். அவர் தலை குனிந்து நின்றார்.

அந்தச் சபையில் கிறிஸ்துமஸுக்கு முன்னே ஒரு சனிக்கிழமை எல்லாக் குடும்பங்களும் தோட்டத்துக்கு வந்து தங்கள் கற்களைக் கழுவித் துடைப்பது உண்டு. அன்று மழை விட்டு வெயில் எரித்தது. ஞானதீபம் டீச்சரின் கணவர் கிடப்பது ஈவாஞ்சலினுக்கு அடுத்த இடம். கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த டீச்சர் மூக்கைச் சுளித்தாள்.

"என்னளா இது, செத்த எலி கிடக்க மாதிரி வாடை?"

கூட வந்த பெண்கள் சுற்றிலும் பார்த்தார்கள். டீச்சர் கையிலிருந்த குடையின் முனையால் பக்கத்துப் பச்சையைக் குத்தித் தூக்கினாள். அது கோரைப்பாய்போல ஒரே விரிப்பாகக் கிளம்பியது. அடியில் கருத்து நொளுநொளுத்த அழுகல். அதன்மேல் வெள்ளை வெள்ளையாய்ப் பூசணம். அதிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. புல் ஒன்றுகூட உயிரோடு இல்லை. அந்த வெற்றிடம் ஓர் ஆள் நீளத்துக்குக் கிடந்தது.

"எம்மா! இங்கன வந்து பாருங்க. உள்ள ஒண்ணுமே பிடிக்கல. மேல வெட்டிப் போட்டுல்ல மூடி வச்சிருக்கு!"

"எதுக்கு மூடுதாவ?"

"எதுக்கு மூடுவாவ? ஊரு பாக்கக் கூடாதுன்னுதான். காவக்காரன் கையில சாவி இருந்தா எதையும் மூடலாம்."

"ஆவி வருது பாருங்க டீச்சர்…"

"வரத்தான செய்யும்."

இந்தப் பேச்சு நடந்தபோது, கையில் மெழுகுவர்த்தியும் தண்ணீர்ச் செம்புமாக ஜெபசுதா அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். பம்பு அறையிலிருந்து ஓடிவந்த நேசக்குமாருக்கு மூச்சு இரைத்தது. ஒரு வார்த்தையும் வெளிவரவில்லை. அவருடைய நெஞ்சின் நோயை அங்கிருந்தவர்கள் குற்றத்தின் மௌனம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஜெபசுதா செம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்று முதல் ஞானதீபம் டீச்சரின் தூக்குவாளி பாலுக்கு வரவில்லை. "டீச்சருக்குச் சுகர் கூடிருச்சாம், டாக்டர் பாலே ஆகாதுன்னுட்டாராம்," என்று வேலைக்காரப் பெண் வந்து சொன்னாள். அடுத்தடுத்து அந்தத் தெருவில் பலருக்கும் சர்க்கரை கூடியது.

மழை ஓய்ந்த ஒரு நாளில், பம்பு அறைக்குப் பின்னே அவசரத்துக்குக் கொட்டிவைத்திருந்த வேறொரு புற்குவியலை அள்ளும்போதுதான் நேசக்குமார் உண்மையைக் கண்டார். குவியலுக்குள் கை விட்டால் சுட்டது. அள்ளிய இடத்தில் அதே கருப்பு, அதே வெண்பூசணம், அதே வாடை. அங்கே யாரும் அடக்கம்பண்ணப்பட்டிருக்கவில்லை. அவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மகளின் மேலிருந்த பச்சையைக் கொன்றது யார் என்று தெரிந்துவிட்டது.

ஓடிப்போய் மனைவியிடம் சொன்னார். ஜெபசுதா தையல் மெஷினின் முன் உட்கார்ந்து, தைக்காமல், துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் ஏளா கெடுத்தேன். ஈரப் புல்ல மேல மேலப் போட்டு மூச்சடைக்க வச்சிட்டேன். பம்பு ரூமுக்குப் பின்னாலயும் அப்படியே ஆகிருக்கு. வந்து பாரு."

"எனக்காகச் சொல்லாதிய."

"சத்தியமாச் சொல்லுதேன்."

"நான் அவள அன்னைக்கு என்ன சொல்லி ஏசினேன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க வேலைக்குப் போயிருந்திய." அவள் நிமிரவில்லை. "ஆறு வார்த்தை. அந்த ஆறு வார்த்தையும் எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். இப்போ மண்ணுக்கும் தெரிஞ்சிபோச்சி."

அதற்குமேல் அவளிடம் பேச முடியவில்லை. நேசக்குமார் கமிட்டிச் செக்ரட்டரி டேவிட்சனைத் தேடிப்போனார். டேவிட்சன் துறைமுகச் சாலையில் சரக்கு ஏற்றுமதி அலுவலகம் வைத்திருந்தவர்; கெட்டவர் அல்லர்; எல்லாக் காரியத்தையும் அன்றைக்கே முடித்துவிட விரும்புகிறவர்.

"வே நேசம், உக்காரு. புல்லு மேல புல்லப் போட்டா சாகும்னு சொல்லுதியா? எங்க அப்பா பச்ச எலையை வயல்ல கொண்டுபோய்ப் போட்டுத்தான் நெல்லு விளைய வச்சாரு. தழை உரம்னு பேரு. அது செத்துச்சா?"

"வயல்ல சேத்து மடக்கி உழுதுருவாவ அண்ணாச்சி. இது மேலயே கிடந்து அவிச்சிப்போட்டுது."

"சரி, அப்படியே இருக்கட்டும். யாரு உன்னக் குத்தம் சொன்னா? தகப்பன் மனசு, மூடத்தான் தோணும். புதுப் புல்லு வாங்கிப் பதிச்சிருவோம். பேச்சு ஓஞ்சிரும்."

"ஓயாது அண்ணாச்சி. ஒரு இடம் காட்டுங்க. எந்த இடம்னாலும் சரி. நான் போட்டு, எல்லாருக்கும் காட்டுதேன்."

டேவிட்சன் சிரித்துவிட்டார். "எந்த இடம்லே? எங்க அம்மா கிடக்க இடத்துலயா? போட்டுப் பாரு, அடுத்த குழி உனக்குத்தான்."

தை மாதத் தொடக்கத்தில் புதுப் புல் பதித்தார்கள். அது வேரும் பிடித்தது. பேச்சு ஓயவில்லை, "வேற புல்லுல்ல வாங்கி ஒட்டவேண்டி வந்துச்சி," என்று அது வளரத்தான் செய்தது. ஜெபசுதா பெண்கள் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினாள். வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு அவர் அழைத்தால் வந்து உட்காருவாள், ஆமென் சொல்லமாட்டாள்.

அந்தப் புல்வெளியின் நடுவே ஜாபேஸ் ஐயர் என்னும் பழைய குருவானவரின் கல் இருந்தது. மணம் முடிக்காமல் ஊழியம் செய்து மூப்பில் இறந்தவர். காலராவும் புயலும் வந்த நாட்களில் அவர் செய்த தொண்டைப் பற்றி அந்தச் சபையார் இன்றும் குரல் தாழ்த்தியே பேசுவார்கள். ஈவாஞ்சலினின் தலையில் ஞானஸ்நானத் தண்ணீரை ஊற்றிய கை அவருடையது. அவர் பரலோகத்தில் இருப்பதைப் பற்றி ஒருவருக்கும் ஐயம் இல்லை. நேசக்குமார் ஒரு விடியலில் அந்தக் கல்லின்முன் தொப்பியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். பிறகு மெஷினின் பெட்டியைக் கழற்றி, ஈரப்புல் முழுவதையும் அந்த இடத்தின்மேல் தட்டினார். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் அவ்வாறே செய்தார். அந்நாட்களில் மாட்டுக்கு வைக்கோலே கிடைத்தது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சேகரகுருவிடம் போய், தோட்டத்தில் ஒன்றைக் காட்டவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். தண்ணீர்க் குழாய் ஏதோ உடைந்திருக்கும் என்று எண்ணி டேவிட்சனும் வந்தார். கூட்டத்தைக் கண்டு ஞானதீபம் டீச்சரும் இன்னும் சிலரும் பின்தொடர்ந்தார்கள். நேசக்குமார் புல் வாரும் வாருகோலை எடுத்து, ஜாபேஸ் ஐயரின் மேலிருந்த புல் விரிப்பை ஒரே இழுப்பாக இழுத்தார்.

கருப்பு; வெண்பூசணம்; ஆவி. அதே வாடை.

முதலில் பேசியவர் டேவிட்சன்.

"ஏலே! யாரு கல்லறைன்னு தெரிஞ்சா செஞ்ச?"

"தெரிஞ்சிதான் செஞ்சேன் அண்ணாச்சி. வேற யார் மேல செஞ்சாலும், 'அவனும் அப்படித்தானோ'ன்னு கேட்டிருப்பிய."

பின்னாலிருந்து யாரோ சிரிப்பை அடக்கிய சத்தம் கேட்டது. ஞானதீபம் டீச்சர் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி அந்தக் கருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஐயருக்கே இப்படியா…" என்று தொடங்கியவள், முடிக்காமல் நிறுத்தினாள்.

சேகரகுரு நேசக்குமாரின் தோளில் கை வைத்தார். "செய்தது தகாத காரியம். காட்டியது உண்மை," என்றார். அடுத்த ஞாயிறு பீடத்தில் நின்று, ஆத்துமாக்களின் கணக்கைக் கர்த்தர் புல்லிடம் ஒப்புவிக்கவில்லை என்றும், இனி ஒருவரும் மண்ணைப் பார்த்து மரித்தவரை நியாயந்தீர்க்கலாகாது என்றும் கண்டிப்பாக அறிவித்தார். கேட்டவர்களில் பலர் தலை குனிந்தார்கள். ஆனால் பரிசுத்தவானின் கல்லறையைக் கெடுத்தவனை வேலையில் வைத்திருப்பது எப்படி என்று கமிட்டி கேட்டது. மாத முடிவோடு புல் வெட்டும் வேலை ஒரு கான்ட்ராக்டருக்குப் போகும், வீட்டை மட்டும் கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் அடைக்கும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

நேசக்குமாருக்கு அது பெரிதாகப் படவில்லை. ஆராதனை முடிந்து இரைக்க இரைக்க வீட்டுக்கு வந்து, ஐயர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மனைவியிடம் ஒப்பித்தார்.

"இனி ஒரு நாயும் வாயத் திறக்காது. எல்லாரும் கேட்டாவ. டீச்சரும் கேட்டா. புல்லு செத்தது என் கையால. நம்ம பிள்ளையால இல்ல."

ஜெபசுதா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பின்பு கேட்டாள்: "அப்போ மண்ணு ஒண்ணும் சொல்லாதா?"

"சொல்லாது ஏளா. அது மண்ணு."

"மொத வருஷம் அவ்வளவு பச்சையாக் கிடந்துச்சே. எல்லா இடத்துக்கும் முந்தி. அது?"

நேசக்குமார் வாயைத் திறந்தார். அந்த வருஷம் அந்த இடத்தை ஆழத் தோண்டி மூடியிருந்தார்கள். இளகின மண் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். கெட்டிப்பட்ட மற்ற இடத்தைவிடப் புல் அங்கே முந்தித்தான் வரும். இத்தனை காலம் மண்ணோடு பழகியவருக்கு அது தெரியாததல்ல. அன்றுவரை அதைத் தெரிந்துகொள்ள அவர் விரும்பியதில்லை. பொய் சொல்ல அவருக்கு ஒரு கணம் இருந்தது. மனைவியின் கண் அவர் முகத்தைவிட்டு அகலவில்லை.

"தோண்டின மண்ணு," என்றார்.

"ம்," என்றாள் அவள். "அப்போ அவ வழுக்கித்தான் விழுந்தாளா, இல்ல நான் தள்ளினேனான்னு சொல்ல இனி யாருமில்ல."

"ஜெபா…"

"ஒண்ணுமில்ல. சாப்பிட வாங்க."

மாதத்தின் கடைசி நாளில் அவர் இறுதியாக மெஷினைத் தள்ளிக்கொண்டு போனார். புறப்படும்போது ஜெபசுதா வாசலில் நின்று, அன்றைய சமையலைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

"அந்த இடத்தத் தனியா வெட்டாதிய இனி. எல்லாத்தையும் சேத்தே கொண்டாங்க. மாடு காஞ்சி கிடக்கு."

அவர் மறுக்கவில்லை. மதிலோரம் வந்தபோது மெஷினை நிறுத்தவுமில்லை. ஒரே ஓட்டமாக அந்த இடத்தின்மேல் ஏறி இறங்கி, அடுத்த இடத்துக்குப் போனார். பெட்டி நிறைந்தது. சாக்கு நிறைந்தது. மாலையில் ஜெபசுதாவே சாக்கைப் பிரித்து, புல்லைக் கையால் உதறி ஆற்றி, பசுவின்முன் பரப்பினாள். நெடுநாள் பச்சை காணாத பசு தலையைத் தூக்காமல் தின்றது. கடைசிப் பிடி முடியும்வரை அவள் நின்று பார்த்தாள்.

மறுநாள் காலை ஞானதீபம் டீச்சரின் தூக்குவாளி திரும்ப வந்தது. ஜெபசுதா பாலை அளந்து ஊற்றி, கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். அதன்பின் அவள் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருநாளும் போகவில்லை.